வேலிக்காத்தானும் கண்டலும் நெல்லுக்குச் சொல்ற பாடம்

சித்திரை, வைகாசியில எங்க பிரம்மதேசம் பக்கம் வந்தா ஒரு விஷயம் உங்க கண்ணுல படும். ஏரி வத்திக் கிடக்கும். கிணத்துல மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே காத்து வாங்கும். சொர்ணவாரி நட்டவங்க கழனியில, மதியம் பதினோரு மணிக்கே நெல்லு இலையைச் சுருட்டிக்கிட்டு நிக்கும். அதே வரப்புல நிக்கிற வேலிக்காத்தான் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி பச்சைப்பசேல்னு நிக்கும். இன்னும் கிழக்கே போனா மரக்காணம் உப்பளம். அங்க பாத்தி ஓரத்துல உப்புத் தண்ணியிலயே காலை வச்சுக்கிட்டு உமரிச்செடி சதைப்பத்தோட நிக்கும்.

வெயில் ஒண்ணுதான், வானமும் ஒண்ணுதான். நெல்லு காயுது, வேலிக்காத்தான் நிக்குது. ஏன்?

"அதுக்கு வேர் ஆழம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். அதுவும் உண்மைதான். ஆனா அது பாதி பதில். மீதிப் பாதியை மனுஷன் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதையில நம்ம திண்டிவனம் வருது, பிச்சாவரம் வருது, நாம வெட்டி எரிக்கிற வேலிக்காத்தானும் வருது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதை எழுதி வைக்கலாம்னு பார்க்கிறேன்.

இது ஏன் நமக்கு முக்கியம்

2016 ஐப்பசி, கார்த்திகையை எங்க பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைஞ்சது. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்ச மாவட்டம்னு அரசு அறிவிச்சது. எங்க வீட்டு ஒன்றரை ஏக்கர் சம்பா, கதிர் பால் பிடிக்கிற சமயத்துல கடைசித் தண்ணி கிடைக்காம போச்சு. ஒரு தண்ணி, ஒரே ஒரு தண்ணி கிடைச்சிருந்தா வீட்டுக்கு அரிசியாவது வந்திருக்கும். கடைசியில வைக்கோலா அறுத்து மாட்டுக்குப் போட்டோம்.

ஏரிப் பாசனத்துல கடைமடைக் கழனி வச்சிருக்கிறவங்களுக்கு இந்த "ஒரு தண்ணி"யோட விலை தெரியும். பத்து நாள் கூடுதலா தாங்குற பயிர் ஒண்ணு இருந்தா, அது நமக்கு மகசூல் போட்டி இல்ல, குடும்பக் கணக்கு. அதனாலதான் வறட்சியைத் தாங்குற மரபணுன்னு எங்கயாவது செய்தி வந்தா நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

பஞ்சத்துல வந்த மரம்

முதல்ல வேலிக்காத்தானையே எடுத்துக்குவோம். புத்தகத்துல சீமைக்கருவேலம்னு எழுதுவாங்க. இது நம்ம மண்ணு மரம் இல்ல. அமெரிக்கக் கண்டத்து மரம்.

எங்க ஆயா காலத்து வரைக்கும் வாய்வழியா வந்த பேச்சு "தாது வருஷத்துப் பஞ்சம்". 1876-லிருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தை அழிச்ச பஞ்சம் அது. லட்சக்கணக்குல ஜனம் செத்தது. சரியா அந்தச் சமயத்துலதான் சென்னை மாகாணத்து வனத்துறை அதிகாரியா இருந்த பெடோம் துரை, வறண்ட நிலத்துல விறகுக்கு ஆகும்னு இந்த மர விதையைக் கேட்டு வாங்கினார். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பைப் பக்கம் கமலாபுரத்துல முதல்ல வளர்த்தாங்க. அங்கிருந்து பரவினது இன்னிக்கு ஏரி, குளம், புறம்போக்குன்னு எல்லா இடத்துலயும் நிக்குது.

வந்த வேலையை அது நல்லாவே செஞ்சது. எவ்வளவு காஞ்சாலும் சாகல. ஆனா கூட இருந்த புல்லையும் செடியையும் சாக விட்டுச்சு. 2017 வாக்குல மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை வெட்டி எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சாகாத அந்தக் குணம் எங்கிருந்து வருதுங்கிறதை மட்டும் நாம யாரும் ரொம்ப நாள் கேட்கல.

கண்ணால பார்த்துப் பொறுக்கின காலம்

மரபணுங்கிற வார்த்தை ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே வறட்சிக்குப் பயிர் தேடுற வேலை நம்ம பக்கத்துல நடந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்றேன். நம்ம பக்கத்துல மல்லாட்டைன்னு சொல்ற நிலக்கடலைக்கு இந்தியா முழுக்கப் பேர் வாங்கின ரகம் டி.எம்.வி.2. அந்த டி.எம்.வி. வேற ஒண்ணுமில்ல, திண்டிவனம்தான். குடியாத்தம் பக்கத்துக் கொத்து மல்லாட்டையிலிருந்து நல்ல செடியாப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, 1940-ல் வெளியிட்டாங்க. மானாவாரிக்குத் தாங்கும்னு ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய், எத்தனையோ புது ரகம் வந்த பிறகும் விவசாயிங்க அதை விடாம விதைச்சாங்க.

அதைப் பொறுக்கினவங்களுக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது. காய்ச்சல்ல எது நிக்குது, எது காய் பிடிக்குதுன்னு மட்டும் பார்த்தாங்க. நம்ம முன்னோர் குழியடிச்சான், நூற்றிப்பத்து, நொறுங்கன்னு நெல்லைப் பிரிச்சு வச்சதும் இதே வழியிலதான். ராமநாதபுரம் சீமையில மழையை நம்பியே புழுதியில விதைச்ச நெல்லெல்லாம் அப்படி வந்தது.

தாகத்தோட வெயிலும் கொல்லும்

இப்ப உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். இதைப் புரிஞ்சுக்க நம்ம ஏரியே போதும்.

ஏரிக்கு வரத்து வாய்க்கால்ல தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. மதகு வழியாக் கழனிக்குப் போகுது. சரி. திடீர்னு மதகை அடைச்சிட்டீங்க, வரத்து நிக்கல. என்ன ஆகும்? கோடி வழியா மிச்சத் தண்ணி வெளியே போகணும். கோடியும் தூர்ந்து போயிருந்தா கரை உடையும்.

இலைக்கு வரத்துங்கிறது வெயில். இலையோட பச்சையம் வெயிலைப் பிடிச்சு, காத்துல இருக்கிற கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குது. அந்த வாயு உள்ளே வர்ற வாசல் இலையில இருக்கிற நுண்ணிய துளைங்க. அதே வாசல் வழியாத்தான் தண்ணியும் ஆவியாகி வெளியே போகுது. மண்ணு காய ஆரம்பிச்சதும், தண்ணியைக் காப்பாத்த செடி அந்த வாசலைச் சாத்திடுது. கரியமில வாயு வரத்து நின்னு போச்சு. வெயில் நிக்குமா? அது பாட்டுக்குக் கொட்டுது. பிடிச்ச சக்தியைச் செலவழிக்க வழியில்லாம அது பக்கத்துல இருக்கிற ஆக்சிஜன் மேல பாயுது. அந்த ஆக்சிஜன் அடங்காத சரக்கா மாறி, இலையோட உள்சவ்வு, பச்சையம், புரதம் எல்லாத்தையும் அரிச்சுடுது. இலை நுனி வெளுத்து, காஞ்சு, சுட்ட மாதிரி ஆகுறதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணி இல்லாம சாகுற பயிர்ல ஒரு பகுதி, தன் வெயிலாலயே வெந்து சாகுது.

செடிக்குள்ளயும் ஒரு கோடி இருக்கணும் இல்லையா? அதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கண்டுபிடிச்சாங்க.

1900 வாக்குல அமெரிக்க வேளாண் துறையில வேலை பார்த்த ஆஸ்கர் லோ, புகையிலை இலையை ஆராயும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிற ஒரு நொதியைப் பிரிச்சுக் காட்டி, கேட்டலேஸ்னு பேர் வச்சார். பெராக்சைடுங்கிறது புண்ணைக் கழுவ மருந்துக்கடையில வாங்குறோமே, அதேதான். அது இலைக்குள்ள ஏன் வருதுங்கிறதுக்கு 1951-ல் ஆலன் மெஹ்லர் ஒரு பதில் காட்டினார். இலையிலிருந்து பிரிச்செடுத்த பச்சையத் துணுக்குல வெளிச்சம் பட்டா, அதுவே பெராக்சைடை உண்டாக்குது.

1969-ல் பெரிய திருப்பம். அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ஜோ மெக்கார்டும் அவர் ஆசிரியர் இர்வின் ஃபிரிடோவிச்சும் மாட்டு ரத்தத்துல இருக்கிற ஒரு செம்புப் புரதத்தோட வேலை என்னன்னு கண்டுபிடிச்சாங்க. சூப்பர்ஆக்சைடுங்கிற கெட்ட ஆக்சிஜனைப் பிடிச்சு அடக்குறதுதான் அதோட வேலை. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்னு அதுக்குப் பேர். மாட்டுல இருக்கிறது மல்லாட்டையிலயும் இருக்கு, நெல்லுலயும் இருக்கு.

1976-ல் இங்கிலாந்துல கிறிஸ்டின் ஃபோயரும் பேரி ஹாலிவெல்லும், பிறகு ஜப்பான்ல கியோட்டோவிலிருந்த கோசி அசாடாவும் மிச்சத்தைக் கோர்த்தாங்க. மொதல் நொதி சூப்பர்ஆக்சைடை பெராக்சைடாக்கும். அடுத்த நொதி, வைட்டமின் சி-யைச் செலவழிச்சு அந்தப் பெராக்சைடைத் தண்ணியாக்கும். செலவான வைட்டமின் சி-யை குளுட்டாதயோன்னு ஒரு பொருள் திரும்பப் புதுப்பிக்கும். தண்ணியிலிருந்து வந்த சக்தி சுத்திச் சுத்தித் தண்ணியாவே முடியுது. அதனால அசாடா இதைத் தண்ணி-தண்ணிச் சுழற்சின்னே சொன்னார். நம்ம ஏரிக் கோடி மாதிரிதான் இது. மிச்சம் வர்றதைக் கரை உடையாம வெளியே விடுற வேலை.

டாக்டருங்க ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்ற பொருளெல்லாம் இதுதான். நெல்லிக்காயில, கறிவேப்பிலையில இருக்குன்னு நாம தேடித் தின்கிறதைச் செடி முதல்ல தனக்காகத்தான் செஞ்சு வச்சிருக்கு.

பிச்சாவரத்துக் கண்டல்

கோடி இருக்குன்னு தெரிஞ்சதும் அடுத்த கேள்வி வந்தது. பெரிய கோடி உள்ள செடியோட மரபணுவை எடுத்துச் சின்னக் கோடி உள்ள செடிக்குக் குடுத்தா என்ன?

1988-ல் சென்னையில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினாங்க. கடல் மட்டம் உயரும், கடலோரக் கழனியில உப்பு ஏறும்னு அவர் அப்பவே சொல்லிக்கிட்டிருந்தார். அதுக்குப் பதில் கடலோரத்துலயே நிக்கிற செடிக்குள்ள இருக்கும்னு நம்பினார். அந்த வேலையை முன்னின்னு செஞ்சவர் ஒடிசாக்காரரான அஜய் பரிடா. அவங்க எடுத்துக்கிட்ட செடி வெண்கண்டல். பிச்சாவரத்துல படகுல போகும்போது சேத்துல பென்சில் மாதிரி வேரைக் குத்திட்டு நிக்க வைக்குமே, அந்த மரம். இலையை நக்கிப் பார்த்தா உப்புக் கரிக்கும். ஏன்னா வேண்டாத உப்பை இலை வழியா வெளியே தள்ளுது. நம்ம கழுவேலிப் பக்கத்துலயும் கண்டல் உண்டு.

உப்புக்கும் வறட்சிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. உப்புத் தண்ணியில நிக்கிற வேருக்குத் தண்ணி இருந்தும் உறிஞ்ச முடியாது. உப்பளத்து ஆளுங்களுக்கு இது சொல்லாமலே புரியும். சுத்திலும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல. செடிக்கு ரெண்டும் ஒரே அவஸ்தை. ரெண்டுலயும் வாசலைச் சாத்தும், ரெண்டுலயும் வெயில் உள்ளே சுடும்.

வெண்கண்டலோட சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் மரபணுவை அவங்க பூசா பாஸ்மதி 1-ங்கிற நெல்லுக்குள்ள வச்சாங்க. அந்த முடிவு 2008-ல் வெளியாச்சு. கடல் தண்ணியோட உப்புல கால் பங்கு இருக்கிற தண்ணியில எட்டு நாள் வச்சும் அந்த நெல்லு தாங்கிச்சு. சாதா நெல்லு துவண்டு போச்சு. தொட்டியில வறட்சி குடுத்துப் பார்த்தப்பவும் இதுவே தேவலாம்னு வந்தது.

அதோட விடல. 2010-ல் அதே குழு, நம்ம வேலிக்காத்தான்லயிருந்து குளுட்டாதயோன் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவைப் புகையிலையில வச்சு, அது வறட்சியை நல்லாத் தாங்குதுன்னு காட்டினாங்க. 1877-ல் விறகுக்குன்னு வந்த மரத்துக்கிட்ட 133 வருஷம் கழிச்சு இன்னொரு கேள்வி கேட்டாங்கன்னு வச்சுக்குங்க.

குஜராத்துல பாவ்நகர்ல 1954-லிருந்து உப்புக்குன்னே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க உள்ளவங்க உமரி இனத்துச் செடியிலிருந்து, பெராக்சைடைத் தண்ணியாக்குற நொதியோட மரபணுவை எடுத்தாங்க. 2014-ல் அதை நிலக்கடலையில வச்சு உப்பைத் தாங்குதுன்னு எழுதினாங்க. உப்பளத்துல வேலை செய்யுற ஜனம் கால்ல மிதிச்சுட்டுப் போற செடி அது.

அப்புறம் ஏன் விதைக்கடைக்கு வரல?

இதைப் படிச்சதும் எனக்கு வந்த முதல் கேள்வி இதுதான். 2008-ல் நெல்லு தாங்கிச்சுன்னா, 2016-ல் எங்க கழனியில அது ஏன் இல்ல?

ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும். 2010 பிப்ரவரியில பி.டி. கத்திரிக்கு அன்னிக்கு மத்திய அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டார். வேறொரு உயிரோட மரபணுவை வச்ச உணவுப் பயிருக்கு நாட்டுல வழி அடைபட்டது. நம்மாழ்வார் ஐயா மாதிரி ஆளுங்க ஊர் ஊராப் போய் எதிர்த்தாங்க. விதை கம்பெனி கையில போயிடும்ங்கிற அந்தப் பயத்துல நியாயம் இருக்குன்னுதான் நான் இன்னிக்கும் நினைக்கிறேன்.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகமாப் பேசுறதில்ல. தொட்டியில உயிரோட நிக்கிறது வேற, கழனியில மூட்டை கட்டுறது வேற. வேலிக்காத்தான் சாகாது, சரி. அதை அறுத்து யார் சோறு ஆக்குறது? சிக்கனமா இருக்கிற செடி மெதுவாத்தான் வளரும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமா வாசலைச் சாத்துற பயிர் நல்ல மழை வருஷத்துல மகசூல் குறைச்சலாக் குடுக்கலாம்.

1996-ல் கனடாவுல குதிரைமசாலுக்கு இந்த டிஸ்மியூட்டேஸ் மரபணுவைக் கூடுதலாக் குடுத்து நிலத்துலயே வளர்த்து, மகசூலும் பிழைப்பும் கூடுதுன்னு காட்டினாங்க. ஆனா நம்ம ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவுல இருக்கிற இக்ரிசாட் நிலையத்துல நடந்ததைக் கேளுங்க. நிலக்கடலைக்கு வேற ஒரு வறட்சி மரபணுவைக் குடுத்தாங்க. குறைஞ்ச தண்ணியில கூடுதலா வளர்ற செடிங்க கிடைச்சது. அதுல ஆன்டிஆக்சிடன்ட்தான் காரணமான்னு அளந்து பார்த்து 2009-ல் எழுதினாங்க. அந்தப் பொருளுங்க ஏறி இறங்கினதுக்கும், செடி தண்ணியைச் சிக்கனமாச் செலவழிச்சதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு வந்தது.

ஆக ஒரு மரபணு, ஒரு மருந்து, வறட்சி தீர்ந்தது அப்படின்னு கதை போகல. கோடியைப் பெருசாக்குறது மட்டும் போதாது. எப்ப மதகைச் சாத்தணும்ங்கிற சேதியும் சரியா வரணும்.

விஷமே சேதிக்காரன்

2009-லேயே சீனாவுல ஷாங்காய்ல லின் ஹாங்ஷுவான் குழு நெல்லுல டி.எஸ்.டி.-ன்னு ஒரு மரபணுவைக் கண்டுபிடிச்சது. இதை நான் ரெண்டு மூணு தடவை படிச்சப்புறம்தான் புரிஞ்சது, அவ்வளவு தலைகீழா இருந்தது. அந்த மரபணு சரியா வேலை செய்யாம போன நெல்லு வறட்சியையும் உப்பையும் நல்லாத் தாங்குது! ஏன்?

அந்த மரபணுவோட ஒரு வேலை, பெராக்சைடை ஒழிக்கிற நொதிங்களுக்கு உத்தரவு போடுறது. உத்தரவு குறைஞ்சா, இலை வாசலைக் காவல் காக்கிற செல்லுல பெராக்சைடு கொஞ்சம் தேங்குது. அது தேங்கினதும் வாசல் சீக்கிரம் சாத்திக்குது. தண்ணி மிச்சமாகுது. இவ்வளவு நேரம் விஷம்னு சொன்ன பெராக்சைடே அளவா இருந்தா, "தண்ணி தீரப் போகுது, கதவைச் சாத்து"ன்னு சொல்ற தலையாரி. அளவு மீறினா இலையைக் கொல்லும். அளவா இருந்தா காப்பாத்தும். மருந்தும் அப்படித்தானே, உப்பும் அப்படித்தானே.

இது வெறும் காகிதத்தோட நிக்கல. டெல்லி பூசா நிலையத்து விஞ்ஞானிங்க ஆந்திரா, தெலங்கானாவுல நிறைய நடுற எம்.டி.யூ.1010 நெல்லுல, அதோட சொந்த டி.எஸ்.டி. மரபணுவை மரபணு திருத்தம் மூலமா செயல் இழக்க வச்சாங்க. வெளியிலிருந்து எந்த மரபணுவும் அந்தப் பயிர்ல மிச்சம் இல்லை. 2022 மார்ச்சுல மத்திய அரசு இந்த மாதிரித் திருத்தத்துக்கு மரபணு மாற்றுப் பயிர் விதிமுறையிலிருந்து விலக்கு குடுத்தது. 2025 மே 4-ம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1-னு பேர் வச்சு அறிவிச்சார். சம்பா மசூரியைத் திருத்தின ஹைதராபாத் நெல்லு ஒண்ணும், டி.ஆர்.ஆர். தன் 100, அதே நாள்ல வந்தது. உலகத்துலயே முதல் மரபணு திருத்த நெல்லு ரகங்கள்னு அரசு சொல்லுச்சு.

கடலோர உப்பு நிலத்துல 30 சதவீதத்துக்கு மேல கூடுதல் மகசூல்னும் சொன்னாங்க. அந்தக் கணக்கையே கேள்வி கேட்கிறவங்களும் உண்டு. அந்தத் திருத்தும் கருவிக்கான காப்புரிமை யார் கையில இருக்கு, நாளைக்கு விதை எடுத்து வச்சா யார் வந்து கேட்பாங்கங்கிற கேள்வியும் இருக்கு. நமக்கு 2001-ம் வருஷத்துச் சட்டத்துல, விதையை எடுத்து வைக்க, மாத்திக்க, பங்கு போட்டுக்க, பிராண்டு பேர் போடாம விக்க உரிமை இருக்கு. புது நெல்லு எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த உரிமை அப்படியே இருக்கணும். இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மரபணு மாத்தாமலும் வழி இருந்தது

இடையில சத்தமில்லாம இன்னொரு பாதையும் போய்க்கிட்டிருந்தது. உத்தரப்பிரதேசத்து நாகினா 22-ங்கிற பழைய நெல்லு, வெயிலையும் வறட்சியையும் தாங்குறதுக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரங்க கையில இருக்கு. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஜார்க்கண்ட் ஹசாரிபாக் நிலையமும் சேர்ந்து, வழக்கமான ஒட்டுச் சேர்க்கையிலயே சஹபாகி தன்-னு வறட்சி நெல்லைக் கொண்டு வந்து 2010 வாக்குல ஜனங்க கையில குடுத்தாங்க. நம்ம பரமக்குடி நிலையம் 2009-ல் அண்ணா 4-ஐ வெளியிட்டுச்சு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல ஐ.ஆர்.20-யோட நூற்றிப்பத்தைச் சேர்த்து, வறட்சி தாங்கும் குணம் மரபுல எந்த இடத்துல இருக்குன்னு தேடினாங்க. அந்த நூற்றிப்பத்தை யாரோ ஒரு சம்சாரி விதைக்குதிர்ல விடாம வச்சிருந்ததாலதான் அந்தத் தேடலே நடந்தது.

கழனியில நாம செய்யுற சில வேலைக்கும் இப்ப அர்த்தம் புரியுது. காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடணும்னு பெரியவங்க சொன்னாங்க. சின்னதா ஒரு காய்ச்சலைப் பார்த்த பயிர் அடுத்த காய்ச்சலுக்குத் தயாராகும், வேரும் கீழே போகும். புழுதி விதைப்புக்கு முன்னாடி நெல்லு விதையை ஒரு சதவீத பொட்டாஷ் கரைசல்ல ஊற வச்சு நிழல்ல காய வைக்கச் சொல்றதும் அதே வழிதான். ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து போடச் சொல்றாங்களே, அதுலயும் ஒரு காரணம் ஒளிஞ்சிருக்கு. அந்த டிஸ்மியூட்டேஸ் நொதியில ஒரு வகைக்குச் செம்பும் துத்தநாகமும் வேணும், இன்னொரு வகைக்கு மாங்கனீசு, மத்ததுக்கு இரும்பு. மண்ணுல துத்தநாகம் இல்லைன்னா, எந்த மரபணு இருந்தும் நொதி எப்படி வேலை செய்யும்? மண் பரிசோதனை பண்ணிட்டு, குறைஞ்சதைப் போடுங்க. கடையில "ஆன்டிஆக்சிடன்ட் டானிக்"னு பாட்டில்ல விக்கிறதை நம்பி காசை விடாதீங்க. பயிருக்கு வேண்டியது அளவு தெரிஞ்ச சமநிலை. மேல தெளிக்கிற கூடுதல் அதைக் குடுத்துடாது.

கஜானா எங்க இருக்கு

இவ்வளவு கதையிலயும் எனக்கு ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியுது. ஆராய்ச்சிக்காரங்க எதையும் புதுசா உண்டாக்கல. கண்டல்கிட்ட, உமரிகிட்ட, வேலிக்காத்தான்கிட்ட, பழைய நெல்லுகிட்ட ஏற்கெனவே இருந்ததைப் படிச்சாங்க. லட்சக்கணக்கான வருஷமா வெயில்லயும் உப்புலயும் நின்னு அந்தச் செடிங்க கத்துக்கிட்டது அது. செடி போயிட்டா அந்தப் படிப்பும் போயிடும்.

அஜய் பரிடா 2022 ஜூலையில காலமானார். சுவாமிநாதன் ஐயா 2023 செப்டம்பர்ல போயிட்டார். நெல் ஜெயராமன் 2018-லேயே போயிட்டார். நூத்துக்கும் மேல பாரம்பரிய நெல்லை ஊர் ஊராத் தேடி மீட்டவர் அவர். ஒருத்தர் ஆய்வுக்கூடம், இன்னொருத்தர் அதை ஒத்துக்காதவர். ஆனா ரெண்டு பக்கமும் காப்பாத்தப் பார்த்தது ஒரே கஜானாவைத்தான்.

அந்தக் கஜானாவுல ஒரு பெட்டி நம்ம பக்கத்துலயே இருக்கு. கழுவேலியை 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல. நல்லதுதான். பறவை மட்டும் இல்லாம, அங்க சேத்துல நிக்கிற கண்டலும் உமரியும் நாளைக்கு நம்ம நெல்லுக்கு மாமன் மச்சான் மாதிரின்னு யாராவது நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லணும். இறால் குட்டைக்கும் பிளாட்டுக்கும் கரையை வெட்டும்போது மண்ணு மட்டும் போகல. அங்கயிருந்து ஒரு மரபணுவை எடுத்து யாராவது லாபம் பார்த்தா, 2002 உயிரியல் பன்மயச் சட்டப்படி ஊருக்கும் அதுல பங்கு உண்டுங்கிறதையும் பஞ்சாயத்துல இருக்கிறவங்க தெரிஞ்சு வச்சுக்கணும்.

இன்னொரு பெட்டி நம்ம வீட்டுல இருக்கணும். இந்தச் சம்பாவுக்கு நான் கடைமடைக் கழனியில கால் ஏக்கர் குழியடிச்சான், கால் ஏக்கர் அண்ணா 4, மீதியில வழக்கமா நடுற ரகம்னு பிரிச்சிருக்கேன். எது எத்தனை நாள் காய்ச்சலைத் தாங்குது, எத்தனை மூட்டை வருதுன்னு தனித்தனியா எழுதி வைக்கப் போறேன். பூசா நெல்லு நம்ம பக்கம் விதையா வந்தா, அதுக்கும் ஒரு பாத்தி குடுத்துப் பார்ப்பேன். குழியடிச்சான் விதை மட்டும் எது ஜெயிச்சாலும் வீட்டை விட்டுப் போகாது. பக்கத்துல யாருக்காவது வேணும்னா, அறுவடை முடிஞ்சு ஒரு மரக்கா எடுத்துக்கிட்டுப் போங்க. அடுத்த வருஷம் ரெண்டு மரக்காவாத் திருப்பிக் குடுத்தாப் போதும்.